மலிவான சிப்பாய் என்று ஒருவன் இல்லை

ராணுவ பட்ஜெட் என்று பேச்செடுத்தால் நம்மில் பலருக்கு ஒரு கணக்கு மனப்பாடம். 2025-26இல் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் பென்ஷனுக்கு மட்டும் 1.60 லட்சம் கோடி, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இப்படிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பீரங்கி எப்போது வாங்குவது, ட்ரோன் எப்போது வாங்குவது என்று கேட்கிறார்கள். பதிலையும் அவர்களே வைத்திருக்கிறார்கள்: பணிக்காலத்தைக் குறை, ஆளைக் குறை, மிச்சமாகும் காசில் கருவி வாங்கு. சிப்பாய்களை நாலு வருடத்துக்கு மட்டும் சேர்க்கும், 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தை ஆதரித்து எழுதியவர்களில் பெரும்பாலோர் நம்பி நின்றது இந்த வாதத்தைத்தான். அரசாங்கம் மேடையில் "இளமை" என்றது. தொலைக்காட்சி நிபுணர்கள் அதை "சிக்கனம்" என்று மொழிபெயர்த்துச் சொன்னார்கள். எதிர்த்தவர்களிலும் பலர் சிக்கனத்தை ஒத்துக்கொண்டு, "ஆனாலும் பையன்கள் பாவம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பரிதாபம் இருக்கட்டும். சிக்கனமே தவறான கணக்கு என்பதுதான் என் வாதம்.

பென்ஷன் சுமை உண்மை, அதை மறுப்பவன் நான் இல்லை. ஆனால் அந்தச் சுமையை ஏற்றியவர் யார், அக்னிபத் அதை எப்போது இறக்கும் என்று பாருங்கள். இன்று பென்ஷன் வாங்குகிறவர்கள் இருபது, நாற்பது வருடங்களுக்கு முன்பு சேர்ந்தவர்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் தகுதி வர 15 வருடப் பணி வேண்டும். பழைய முறையிலேயே ஆள் எடுத்திருந்தாலும், 2023 ஜனவரியில் சேர்ந்தவர் 2038க்கு முன் சாதாரண பென்ஷன் வாங்கியிருக்க முடியாது. அதுவரை கொடுக்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும், ஓய்வு பெற்றவர்களுக்கும், அவர்கள் குடும்பங்களுக்கும் எழுதிக்கொடுத்த கடன். அதில் ஒரு பைசாவையும் அக்னிபத் தொடவில்லை, தொடவும் முடியாது. 2015இல் ஆணையான "ஒரே பதவி ஒரே பென்ஷன்", அடுத்த வருடம் வந்த ஏழாவது ஊதியக் குழு ஆகிய இரண்டும் அந்தக் கடனைப் பெரிதாக்கின. சீருடை போடாத, 2004க்கு முன் சேர்ந்த பாதுகாப்புத் துறை சிவிலியன் ஊழியர்களின் பென்ஷனும் இதே தலைப்பில்தான் வருகிறது. இதையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, பழியை நாளை சேரப்போகும் பதினெட்டு வயதுப் பையன் தலையில் வைக்கிறோம்.

கருவிக்கு ஏதாவது மிச்சமாயிற்றா? 2022-23 பட்ஜெட்டில் 5.25 லட்சம் கோடியில் 1.52 லட்சம் கோடி மூலதனச் செலவு, அதாவது 29 சதவீதம். 2025-26இல் 6.81 லட்சம் கோடியில் 1.80 லட்சம் கோடி, அதாவது 26 சதவீதம் சொச்சம். பங்கு இறங்கியிருக்கிறது. "மிச்சம் 2038க்குப் பிறகுதானே வரும்" என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். சரிதான். அப்படியானால் பதினைந்து வருடம் கழித்து வரப்போகும் காசைக் காட்டி இன்றைய படையின் அமைப்பை ஏன் மாற்றினார்கள் என்பதற்கும் அவர்களே பதில் சொல்லட்டும்.

அந்தக் காசு வரும்போதுகூட முழுசாக வராது. ராணுவத்துக்கு வேண்டியது தலைக்கணக்கு அல்ல. பயிற்சி முடிந்த ஆள் எத்தனை வருடம் வரிசையில் நிற்கிறான் என்ற கணக்கு. பழைய முறையில் நூறு பேரைச் சேர்த்து 17 வருடம் வைத்திருந்தால் 1,700 ஆள்-வருடம். அக்னிபத்தில் நூறு பேரும் நாலு வருடம் இருப்பார்கள், அது 400. அவர்களில் 25 பேர் நிரந்தரமாகி மேலும் 15 வருடம் இருந்தால் 375. மொத்தம் 775. ஆக, அதே அளவு படையை வைத்திருக்க வருடாவருடம் இரண்டு மடங்குக்கு மேல் ஆள் சேர்க்க வேண்டும். இரண்டு மடங்கு ஆள்சேர்ப்பு முகாம், மருத்துவப் பரிசோதனை, சீருடை, சுட்டுப் பழக இரண்டு மடங்கு தோட்டா, பயிற்சி மையத்தில் இரண்டு மடங்கு உஸ்தாத். இந்த உஸ்தாத்கள் பட்டாலியன்களிலிருந்து பிடுங்கி அனுப்பப்படும் தேர்ந்த ஹவில்தார்கள், நாயக்குகள். பயிற்சிக்கு ஏழு மாதம் என்று வையுங்கள். பழைய முறையில் கொடுத்த சம்பளத்தில் மூன்றரை சதவீதம்தான் பயிற்சிக் காலத்துக்குப் போனது, புதியதில் ஏழரை. பென்ஷன் தலைப்பில் குறைகிற தொகையில் ஒரு பகுதி இப்படி வேறு தலைப்புகளில் திரும்பி வந்துவிடுகிறது. அங்கே அதை யாரும் சேர்த்துக் கூட்டுவதில்லை.

இரண்டு மடங்கு ஆள் எடுக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. முதல் வருடத்துக்கு முப்படைக்கும் சேர்த்து அறிவித்தது 46,000. பின்னால் படிப்படியாக 1.25 லட்சம் வரை கூடும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்த உச்ச எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 1.25 லட்சத்தை, ஆளுக்குச் சராசரியாக வரும் ஏழே முக்கால் வருடத்தால் பெருக்கினால் 9.7 லட்சம் வருகிறது. இன்று முப்படைகளிலும் அதிகாரிகள் நீங்கலாக இருப்பவர்கள் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல். அதாவது இந்தத் திட்டம் முழுதாக நிலைபெறும்போது படை சில லட்சம் பேர் சுருங்கியிருக்கும். அது நல்லதாகவே இருக்கலாம். சிறிய படை வேண்டும் என்று வாதிட நியாயங்கள் உண்டு. ஆனால் எல்லையில் எந்த வேலையைக் கைவிடுவது, எந்த டிவிஷனைக் கலைப்பது என்று நாடாளுமன்றத்தில் பேசி எடுக்க வேண்டிய முடிவு அது. ஆள்சேர்ப்பு விதியைத் திருத்தி, பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிற சமாசாரம் அல்ல.

நாலு வருடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாற்பத்தெட்டு மாதம். பயிற்சி ஏழு போனால் நாற்பத்தொன்று. வருடத்துக்கு 30 நாள் விடுப்பு. அதில் நாலு மாதம் போக முப்பத்தேழு. பையன் லடாக்குக்குப் போகிறான் என்றால் போய் இறங்கியதும் வேலைக்கு நிற்க முடியாது. ஒன்பதாயிரம் அடியில் ஆறு நாள், பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியதும் நாலு நாள், பதினைந்தாயிரத்துக்கு மேலே இன்னும் நாலு நாள் என்று உடம்பைப் பழக்கிய பிறகுதான் முன்னணிச் சாவடி. விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பினால் மறுபடி பழக்க வேண்டும். அப்புறம் துப்பாக்கி, ரேடியோ, கண்ணிவெடி, முதலுதவி. காலாட்படையின் செக்‌ஷன் என்பது பத்துப் பேர். ஹவில்தார் தலைமை, அவருக்கு அடுத்து நாயக். இருட்டில், பனியில், யார் எந்தப் பக்கம் நகர்வார் என்று குரல் கொடுக்காமலே தெரிந்திருக்க வேண்டிய பத்துப் பேர். அது கைகூட இரண்டு வருடம் ஆகும் என்று பழைய சுபேதார்கள் சொல்வார்கள். கைகூடி ஒரு வருடத்தில் பத்தில் பாதிப் பேர் பெட்டி கட்டத் தொடங்கினால், செக்‌ஷன் கமாண்டர் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். வியட்நாமில் அமெரிக்கர்கள் செய்தது இதுதான்: படைப்பிரிவை அப்படியே வைத்துக்கொண்டு, ஆட்களை ஒவ்வொருவராக ஒரு வருடக் கெடுவில் மாற்றினார்கள். பழகியவன் கிளம்புவான், பழகாதவன் வந்து இறங்குவான். அந்தப் பாடத்தை அவர்கள் ராணுவக் கல்லூரிகளில் இன்னும் நடத்துகிறார்கள்.

"இளமை" வாதத்துக்கு வருகிறேன். சராசரி வயதை 32இலிருந்து 26க்கு இறக்குவோம் என்றார்கள். மலையில் இருபத்தாறு வயது நுரையீரல் நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் சராசரியைப் பெருமையாகச் சொல்லும்போது அது எதையெல்லாம் மறைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில், சீனப் படையோடு, துப்பாக்கி பேசாத, கல்லும் கட்டையுமாக நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். ஏறக்குறைய நாற்பது வயது, இருபது வருடத்துக்கும் மேலான பணி. மறைவுக்குப் பின் வீர் சக்ரா விருது. வெறும் உடல்பலம் தேவைப்பட்ட இரவு என்று நாம் நினைக்கிற அந்த இரவில் அங்கே நின்றவர்களில் கர்னல் இருந்தார், நாயிப் சுபேதார்கள் இருந்தார்கள், நாற்பது வயது ஹவில்தார் இருந்தார், இருபது வயதுப் பையன்களும் இருந்தார்கள். படை என்பது அந்தக் கலவை. பதினேழு வருடப் பணிக்காலம் கலவையை வயசாளிகள் பக்கம் அதிகம் சாய்த்துவிட்டது என்பது நியாயமான புகார். நாலு வருடம் அதை ஒரேயடியாக மறுபக்கம் தள்ளிவிடுகிறது.

இனி, ஆதரவாளர்கள் அடிக்கடி உருட்டும் ஒரு வரி: "அமெரிக்காக்காரனே நாலு வருடத்துக்குத்தான் எடுக்கிறான்." பாதிதான் சொல்கிறார்கள். அங்கே முதல் ஒப்பந்தம் நாலு வருடமாக இருந்தாலும் மொத்தக் கடமை எட்டு வருடம். வெளியே வந்தவர் மீதி வருடங்களுக்கு ரிசர்வ் பட்டியலில் இருப்பார். போர் வந்தால் கூப்பிடலாம், கூப்பிட்டும் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தை நீட்டித்துத் தொடர விரும்புகிறவருக்கு 25 சதவீதம் என்ற கதவும் கிடையாது. வெளியே வருகிறவருக்குக் கல்லூரிப் படிப்புச் செலவை அரசு ஏற்கிறது. குறுகிய பணிக்காலத்தின் தர்க்கமே ரிசர்வ்தான். பிரிட்டனில் போர்த் துறை அமைச்சர் கார்ட்வெல் 1870இல் கொண்டுவந்த சட்டத்தின் சாரம், பன்னிரண்டு வருட ஒப்பந்தத்தில் ஒரு பகுதி கொடிக்குக் கீழே, மீதி வீட்டில் இருந்தபடி ரிசர்வில். பிரஷ்யா அதற்கும் முன்பே இதைச் செய்து, 1866இலும் 1870இலும் ஐரோப்பாவை அசர வைத்தது. சிங்கப்பூரில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இரண்டு வருடம் தேசிய சேவை செய்கிறார்கள். முடித்த பிறகும் பல வருடங்களுக்கு வருடத்தில் சில வாரம் பச்சைச் சீருடை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகிறார்கள். வேலையிலிருக்கும் ஆளை முதலாளி விட்டுக்கொடுக்க வேண்டும், அரசு சம்பளத்தை ஈடுகட்ட வேண்டும். அது இனாமாக வருவதில்லை, ஆனால் காசுக்குப் படை கிடைக்கிறது.

நம்மிடம்? நாலு வருடம் பயிற்றுவித்து, மலையில் நிறுத்தி, வெடிமருந்து செலவழித்துத் தேற்றிய முக்கால்வாசிப் பேரை 11.71 லட்ச ரூபாய் சேவா நிதியோடு வழியனுப்புகிறோம். அந்தத் தொகையில் பாதி அவர்கள் சம்பளத்திலிருந்தே பிடித்தது, அது வேறு கதை. அவர்களுக்கு ரிசர்வ் கடமை எதுவும் வைக்கவில்லை. நாளை பெரிய போர் மூண்டால் இவர்களைக் கூப்பிடச் சட்டமும் இல்லை, வருடாந்தரப் பயிற்சியும் இல்லை, பட்டியலும் இல்லை. நீண்ட பணிக்காலத்தின் அனுபவத்தையும் விட்டோம், குறுகிய பணிக்காலம் தரும் ரிசர்வையும் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு அமைப்புகளின் செலவையும் வாங்கிக்கொண்டு இரண்டின் பலனையும் வேண்டாம் என்று சொன்ன நாடு வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

இந்த இடத்தில் கார்கில் ஆய்வுக் குழுவை இழுப்பார்கள். 1999 போருக்குப் பின் அமைந்த அந்தக் குழுவின் தலைவர் கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்தவர், இந்தியப் பாதுகாப்புச் சிந்தனையில் அவருக்கு நிகராக ஒருவரைக் காட்டுவது கடினம். படை இளமையாக இருக்க வேண்டும் என்று அக்குழு சொன்னது நிஜம். 1976 முதல் இருந்துவந்த 17 வருடப் பணிக்காலத்தைக் குறைக்கவும் சொன்னது. எத்தனைக்கு? ஏழிலிருந்து பத்து வருடத்துக்கு. அத்தோடு நிற்கவில்லை: வெளியே வரும் ஆட்களைத் துணை ராணுவப் படைகளுக்கு அனுப்புங்கள் என்றது. பரிந்துரையின் உயிரே அந்த இரண்டாவது பாதியில் இருக்கிறது. ராணுவத்துக்கு இளைஞன், எல்லைக் காவல் படைக்குப் பயிற்சி பெற்ற ஆள், அரசுக்கு ஒரே பயிற்சிச் செலவில் இரண்டு பணி, ஆளுக்கு அறுபது வயது வரை வேலை. பென்ஷனும் அத்தனை வருடம் தள்ளிப்போகும். ஆறாவது ஊதியக் குழுவும் 2008இல் ஏறத்தாழ இதையே சொன்னது. துணை ராணுவத்தைக் கையில் வைத்திருக்கும் உள்துறை அசையவில்லை. அந்தப் படைகளுக்கு அவற்றின் சொந்த ஆள்சேர்ப்பு, சொந்த சீனியாரிட்டி வரிசை. பத்து வருடம் பணி செய்த நாயக் ஒருவர் இடையில் வந்து நுழைந்தால் வரிசை குலையும் என்ற பயம். இரண்டு அமைச்சகங்களின் கோப்புச் சண்டையை உள்துறையும் பாதுகாப்புத் துறையும் தீர்த்துக்கொள்ள முடியாமல், ஏழு வருடத்தை நாலாக்கி, அனுப்பும் இடத்தை அழித்துவிட்டு, "சுப்ரமணியமே சொன்னார்" என்பது அவருக்குச் செய்யும் அநியாயம். நாலு வருடம் முடித்து வெளியே வரும் அக்னிவீரர்களுக்குத் துணை ராணுவத்தில் 10 சதவீத இடம் என்று 2022இல் அறிவித்தது இதற்கு ஈடாகாது. அது புதிதாக விண்ணப்பித்து, கான்ஸ்டபிளாகக் கடைசி வரிசையில் நிற்கிற இடம்.

காகிதத்தில் அழகாக இருந்த சிக்கனப் படைகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய ரஷ்யாவைப் பார்க்கலாம். 2008 முதல் அங்கே கட்டாய சேவையை ஒரு வருடமாக்கினார்கள், டிவிஷன்களைக் கலைத்து பிரிகேடுகளாக்கினார்கள், ஒப்பந்தச் சிப்பாய்களைத் திரட்டி "பட்டாலியன் போர்க்குழு" என்று அறுநூறு, எண்ணூறு பேர் கொண்ட அலகுகளை முன்வைத்தார்கள். டாங்கி உண்டு, பீரங்கி தாராளம், வான் பாதுகாப்பும் உண்டு. கவச வண்டியிலிருந்து இறங்கி நடக்கிற காலாட்படை ஆள் மட்டும் சுமார் இருநூறு. 2021இல் அப்படி 168 குழுக்கள் தயார் என்றார் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஷொய்கு. அடுத்த வருடம் உக்ரைனில் நுழைந்த டாங்கிகளுக்குக் காவல் நடக்க ஆள் இல்லை. பிடித்த ஊரை வைத்துக்கொள்ள ஆள் இல்லை. கெட்டியான ஹவில்தார் வரிசை என்று ஒன்று அந்தப் படையில் உருவாகவே இல்லை என்பதால் சின்னச் சின்ன முடிவுக்கெல்லாம் ஜெனரல்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். 2022 செப்டம்பரில் மூன்று லட்சம் பேரை அவசரமாகத் திரட்ட வேண்டியதாயிற்று. பிறகு மறுபடியும் டிவிஷன்கள். மிச்சம் பிடித்ததெல்லாம் எத்தனை மடங்காகத் திரும்பச் செலவானது என்பதை மாஸ்கோவின் நிதி அமைச்சகம்தான் சொல்ல வேண்டும்.

பிரிட்டன் கதை ரத்தமில்லாதது, ஆனால் இதே புத்தி. 2012இல் நிரந்தரப் படையை 1,02,000இலிருந்து 82,000க்கு இறக்கி, பள்ளத்தை 30,000 பகுதிநேர ரிசர்வ் வீரர்களால் நிரப்பப் போவதாகத் திட்டமிட்டார்கள். நிரந்தர ஆட்களை வெட்டுவது சுலபம், வெட்டியாயிற்று. ரிசர்வுக்கு ஆள் வரவில்லை. இது நடக்கிற காரியமா என்று சரியாகச் சோதிக்காமலே முடிவெடுத்தார்கள் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2014இல் எழுதியது. மிச்சம் கைக்கு வருவதும் ஈடு கைக்கு வருவதும் ஒரே நாளில் நடக்காது. இடைப்பட்ட காலத்தில் படை இளைத்துத்தான் நிற்கும்.

"அதெல்லாம் பழைய காலாட்படை யோசனை, இனி எல்லாம் ட்ரோன்" என்று ஒரு குரல் கேட்கிறது. உக்ரைனில் ட்ரோன் மழைக்கு நடுவிலும் இரு தரப்பும் அலறுவது குழியில் உட்கார ஆள் இல்லை என்றுதான். நமக்கோ சீனாவோடு 3,488 கிலோமீட்டர், பாகிஸ்தானோடு 740 கிலோமீட்டர் கட்டுப்பாட்டுக் கோடு, பெரும்பாலும் மலை. 2013இல் மலைப் போருக்கென்றே 90,000 பேர் கொண்ட 17வது கோர் படைப்பிரிவை எழுப்ப அனுமதி கொடுத்தார்கள், செலவு அறுபதாயிரம் கோடிக்கும் மேல். சில வருடங்களில் பணமில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். 2020இல் சீனா வந்து நின்றபோது, வேறு இடங்களில் இருந்த படையைப் பிரித்தெடுத்து லடாக்குக்கு விரட்ட வேண்டி வந்தது. கட்டமைப்பைப் பற்றி முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதும் செலவுதான். எந்தப் பட்ஜெட் வரியிலும் ஏறாத செலவு.

கூர்க்காக்கள் விஷயமும் அப்படித்தான். 1947 முத்தரப்பு ஒப்பந்தப்படி நேபாளத்திலிருந்து ஆள் எடுத்து வந்தோம். நாலு வருட வேலைக்கு என் பிள்ளைகளை எப்படி அனுப்புவது, திரும்பி வரும் ஆயுதப் பயிற்சி பெற்ற இளைஞர்களை என்ன செய்வது என்று நேபாளம் கேட்டது. 2022 ஆகஸ்டில் ஆள்சேர்ப்பை நிறுத்தி வைக்கச் சொன்னது. இந்திய ராணுவத்துக்கான நேபாள கூர்க்கா ஆள்சேர்ப்பு அதோடு நின்றது. பென்ஷன் மணியார்டர்களால் இரண்டு தலைமுறையாக வாழ்ந்த நேபாள மலைக் கிராமங்கள் இந்தியாவோடு வைத்திருந்த பிணைப்பின் விலை என்ன? எக்செல் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

பென்ஷனைக் குறைக்கவே கூடாதா என்று கேட்டால், குறைக்கலாம். லெப்டினன்ட் ஜெனரல் ஷெகாட்கர் குழு 2016இல் வழி சொன்னது: சண்டை போடாத பின்வரிசையை இளைக்க வையுங்கள். அதன்படி 57,000 பேரைப் போர்ப் பிரிவுகளுக்கு மாற்றும் முடிவு 2017இல் வந்தது, ராணுவப் பால்பண்ணைகள் மூடப்பட்டன. அந்த அறிக்கையில் மீதம் கிடப்பதை எடுக்கலாம். பணிக்காலத்தை எட்டு அல்லது பத்து வருடமாக வைக்கலாம். முடித்தவர்களை, சர்வீஸைக் கணக்கில் எடுத்து, நேரடியாகத் துணை ராணுவத்துக்கு மாற்றச் சட்டம் போடலாம். அங்கே வருடாவருடம் இடங்கள் காலியாகின்றன. அதற்கும் போகாதவர்களுக்கு ஐந்து வருட ரிசர்வ் கடமை, வருடத்தில் பதினைந்து நாள் பயிற்சி, அதற்குச் சம்பளம், பங்களிப்பு பென்ஷன். இதற்கும் காசு ஆகும். ஆனால் அது வெளியே தெரிகிற செலவு. ஆள்சேர்ப்பு, பயிற்சி, பென்ஷன், ரிசர்வ் நாலையும் ஒரே பக்கத்தில் போட்டுக் கூட்டிப் பார்க்க முடிகிற செலவு.

முதல் அக்னிவீரர் அணியின் நாலு வருடக் கெடு 2026 இறுதியிலிருந்து முடியத் தொடங்குகிறது. வெளியே வருகிறவர்களின் பெயர், தொழில், முகவரியோடு ஒரு ரிசர்வ் பட்டியல் தயாரிக்கவாவது நாடாளுமன்றம் ஒரு மசோதா கொண்டுவருமா என்று முதலில் கேட்போம். துணை ராணுவத்தின் கதவைத் திறக்குமா என்று உள்துறையும் பதில் சொல்லட்டும், அப்புறம் பென்ஷன் பற்றிப் பேசலாம்.